காலிக் கட்டத்தை எதை நம்பி நிரப்புவது? அணி நிரப்பலுக்கு மூன்று வழிகள்

கையில் ஓர் எண் அட்டவணை இருக்கிறது. கணிதத்தில் இதை ‘அணி’ என்பார்கள். பெரும்பாலான கட்டங்கள் நிரம்பிவிட்டன, சில காலி. அவற்றில் என்ன எண் போடுவது?

இந்தக் கேள்வியோடு வருபவர்களை மூன்று வகையாகப் பார்க்கிறேன். பயனர்கள் பொருட்களுக்குக் கொடுத்த மதிப்பெண் பட்டியலை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. பங்குகளுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழுக்களில் (இரண்டு எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் 1 வரை சொல்லும் எண்கள்) சில கிடைக்காமல் தவிப்பவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, கம்பி, தண்டு, வளைகோடு போன்றவற்றை ஆராயும் மாணவர்கள். இவர்கள் ‘டோட்டலி பாசிட்டிவ்’ அணிகளைப் பற்றிப் படித்துவிட்டு, தங்கள் அட்டவணையையும் அப்படி நிரப்பலாமா என்று கேட்கிறார்கள்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. காலிக் கட்டத்துக்கான எண், நிரம்பிய கட்டங்களிலிருந்து மட்டும் வருவதில்லை. அந்த அணி எப்படிப்பட்டது என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. தரம் (rank, ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) குறைவு என்று நம்பலாம், பாசிட்டிவ் டெஃபினிட் (எந்தத் திசையில் அளந்தாலும் நேர்மறை மதிப்பே தரும் சமச்சீர் அணி) என்று நம்பலாம், டோட்டலி பாசிட்டிவ் (விளக்கம் வழி 3-இல்) என்று நம்பலாம். எதை நம்புகிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நான் முதலில் கேட்பது வரிசையைப் பற்றி. உங்கள் அட்டவணையின் நிரைகளைக் கலைத்துப் போட்டால் பொருள் கெடுமா? இரண்டு திரைப்படங்களின் இடத்தை மாற்றி எழுதினால் ஒன்றும் ஆகாது. ஒரு கம்பியில் இடமிருந்து வலமாகக் குறித்த புள்ளிகளை மாற்றி எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். பலரும் இந்தக் கேள்வியைத் தாண்டி நேராக மென்பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இரண்டாவது, காலிக் கட்டங்கள் எங்கே இருக்கின்றன. எண்ணிக்கையை விட இடம்தான் முக்கியம். மூன்றாவது, விடை ஒன்றே ஒன்றாக வேண்டுமா, அல்லது ‘இதற்குள் எதுவும் சரி’ என்ற இடைவெளி போதுமா. அப்புறம் அளவீட்டுப் பிழை, கணக்கிடும் செலவு.

## ஒரே கட்டம், மூன்று விடைகள்

இரு முனையும் கட்டி இறுக்கிய ஒரு நாணை எடுத்துக்கொள்வோம். நீளம் 1, இழுவிசை 1. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு தூரங்களில் மூன்று புள்ளிகள். ஒரு புள்ளியில் ஓர் அலகு எடையைத் தொங்கவிட்டு, மூன்று புள்ளிகளும் எவ்வளவு தாழ்கின்றன என்று அளக்கிறோம். எண்களை 16-ஆல் பெருக்கி எழுதினால் இப்படி வரும்:

```
3   2   க
2   4   2
க   2   3
```

முதல் புள்ளியில் எடை வைத்தால் மூன்றாம் புள்ளி எவ்வளவு தாழும் என்பதை மட்டும் அளக்கவில்லை. அதுதான் க. மாற்றி வைத்தாலும் அதே அளவுதான் என்பதால் இரண்டு மூலையிலும் ஒரே க. இதன் அணிக்கோவை (determinant, சதுர அணியின் எண்களைப் பெருக்கி, கூட்டிக் கழித்துக் கிடைக்கும் ஒற்றை எண்) 12 + 8க − 4க².

தரம் குறைய வேண்டும் என்று கேட்டால் அணிக்கோவை சுழியாக வேண்டும். க = 3 அல்லது க = −1 என்று வரும். பாசிட்டிவ் டெஃபினிட் ஆக வேண்டும் என்று கேட்டால் −1-க்கும் 3-க்கும் இடையில் எதுவும் பொருந்தும். எந்தச் சிற்றணிக்கோவையும் (சில நிரைகளையும் அதே எண்ணிக்கையில் நிரல்களையும் மட்டும் எடுத்துப் போடும் அணிக்கோவை) எதிர்மறை ஆகக்கூடாது என்று கேட்டால், முதல் இரண்டு நிரைகளும் கடைசி இரண்டு நிரல்களும் சேர்ந்து 4 − 4க ≥ 0 என்கின்றன. க-வும் எதிர்மறை ஆகக்கூடாது. ஆகவே க 0 முதல் 1 வரை.

உண்மையான விடை 1.

தரத்தை நம்பியிருந்தால் 3 வந்திருக்கும். எடை வைத்த இடம் எவ்வளவு தாழ்கிறதோ, அதே அளவு நாணின் மறுபக்கமும் தாழும் என்று பொருள். −1 இன்னும் மோசம்: இங்கே கீழே இழுத்தால் அங்கே மேலே எழும்பும் என்கிறது. எந்த நாணும் அப்படி நடப்பதில்லை. பாசிட்டிவ் டெஃபினிட் இந்த இரண்டு முனைகளையும் தவிர்க்கிறது, ஆனால் −0.5 போன்ற விடைகளையும் உள்ளே விடுகிறது. நாணின் இயல்பை உள்ளபடி பிடித்தது மூன்றாவது நிபந்தனைதான்.

## வழி 1: தரத்தைக் குறைத்து நிரப்புதல்

இதன் புகழுக்குப் பெரிய காரணம், நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் அறிவித்து 2009-இல் 10 லட்சம் டாலர் கொடுத்து முடித்த போட்டி. 4,80,189 பயனர்கள், 17,770 படங்கள், சுமார் 10 கோடி மதிப்பெண்கள். மொத்தக் கட்டங்களில் நிரம்பியிருந்தது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மனிதர்களின் ரசனையைச் சில காரணிகளில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கைதான் இங்கே தரம் குறைவு என்ற வடிவம் எடுக்கிறது. 1000×1000 அணியின் தரம் 5 என்றால், 10 லட்சம் கட்டங்களையும் தீர்மானிக்க 9,975 எண்கள் போதும். இவ்வளவு பெரிய ஓட்டைகளை வேறு எந்த வழியும் நிரப்பாது.

தரத்தை நேரடியாகக் குறைப்பது பொதுவாக மிகக் கடினமான கணக்கு. அதற்குப் பதிலாக ஒருமை மதிப்புகளின் (அணி வெவ்வேறு திசைகளில் எவ்வளவு நீட்டுகிறது என்று காட்டும் எண்கள்) கூட்டுத்தொகையைக் குறைக்கலாம், அது குவிவுக் கணக்கு, கணினியால் எளிதில் தீர்க்கலாம். நிரம்பிய கட்டங்கள் சீரற்ற முறையில் பரவியிருந்து, அணியின் கனம் சில நிரைகளில் மட்டும் குவியாமலும் இருந்தால், இந்த மாற்றுவழி அசல் அணியையே மீட்டுத் தரும் என்று 2009-இல் காந்தெஸும் ரெக்டும் நிறுவினார்கள்.

மறைந்திருக்கும் செலவு அந்த ‘சீரற்ற முறையில்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒருவர் தனக்குப் பிடிக்கும் என்று தோன்றும் படத்தைத்தான் பார்க்கிறார், அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார். காலியான கட்டம் தற்செயலாகக் காலியாக இல்லை. ஒரு நிரை முழுக்கக் காலியாக இருந்தால் இந்த வழி கைவிரித்துவிடும். தரம் எவ்வளவு என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

நிரைகளை எப்படிக் கலைத்தாலும் தரம் மாறாது. உங்கள் தரவில் வரிசைக்குப் பொருள் இல்லையென்றால் இது நல்ல குணம். பொருள் இருந்தால், அந்தத் தகவலை இந்த வழி பயன்படுத்தவே இல்லை என்று அர்த்தம்.

## வழி 2: பாசிட்டிவ் டெஃபினிட் ஆக நிரப்புதல்

ஒட்டுறவு அணி, இணைமாறுபாட்டு அணி, ஆற்றல் சார்ந்த அணி எல்லாவற்றுக்கும் முதலில் நினைக்க வேண்டிய வழி இது.

காலிக் கட்டங்கள் எங்கே இருக்கலாம் என்பதற்கு 1984-இல் குரோன், ஜான்சன், சா, வோல்கோவிச் நால்வரும் கொடுத்த பதில் மிக அழகானது. மாறிகளைப் புள்ளிகளாக்கி, எந்த இரண்டுக்கும் எண் தெரியுமோ அவற்றை ஒரு கோட்டால் இணையுங்கள். நான்கும் அதற்கு மேலும் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குறுக்குக்கோடு இருந்தால் அது கோர்டல் வரைபடம். அப்போது, தெரிந்த பகுதிகள் ஒவ்வொன்றும் பாசிட்டிவ் டெஃபினிட் ஆக இருந்தாலே போதும், முழு அணியையும் நிரப்பிவிடலாம். குறுக்குக்கோடு இல்லாத வட்டம் இருந்தால் உத்தரவாதம் போய்விடும்.

நான்கு பங்குகளை வைத்துப் பாருங்கள். 1–2, 2–3, 3–4 மூன்றுக்கும் ஒட்டுறவு 0.9. 1–4-க்கு −0.9. மற்ற இரண்டும் தெரியாது. 0.9 என்றால் இரண்டு திசைகளுக்கு இடையே சுமார் 26° கோணம். மூன்று தாவல்களில் அதிகபட்சம் 78° தான் விலக முடியும். −0.9-க்கோ 154° வேண்டும். காலிக் கட்டங்களில் எதைப் போட்டாலும் இந்த அட்டவணை சரியாகாது. தவறு அளவீட்டிலேயே இருக்கிறது.

இந்த வழியில் எனக்கு மிகப் பிடித்தது, பல விடைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நியாயமான முறை இருப்பது. அணிக்கோவை மிகப் பெரிதாக இருக்கும் நிரப்பல் ஒன்றே ஒன்றுதான். அதன் நேர்மாறு அணியில் (அசல் அணியோடு பெருக்கினால் அலகு அணி தருவது), நாம் நிரப்பிய அதே இடங்களில் சுழி இருக்கும். நேரடித் தொடர்பு தெரியாத இரண்டுக்கும் இடையே புதிதாக எந்தத் தொடர்பையும் நாம் புகுத்தவில்லை என்று இதைப் படிக்கலாம். நம் நாணுக்கு 12 + 8க − 4க² உச்சம் தொடுவது க = 1-இல். உண்மையான விடையேதான்! நாணில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு மட்டும்தான் நேராக இழுபடுகிறது. அதனால் நேர்மாறு அணியின் மூலைகள் உண்மையிலேயே சுழி. இந்த இயல்பு உங்கள் பொருளுக்கும் இருந்தால், நிறையச் சிரமம் மிச்சம்.

பிழையைத் தாங்குவதிலும் இது நல்ல வழி. அளவீட்டுப் பிழையால் சமச்சீர் அணி கொஞ்சம் கெட்டுப்போனால், எதிர்மறை ஐகென் மதிப்புகளை (அணி திசை மாற்றாமல் நீட்டும் அல்லது சுருக்கும் அளவுகள்) சுழியாக்கி மிக அருகிலுள்ள சரியான அணிக்குப் போகலாம். மூலைவிட்டம் முழுக்க 1 இருக்க வேண்டிய ஒட்டுறவு அணிக்கும் 2002-இல் ஹையம் முறை கொடுத்திருக்கிறார். இரண்டு சரியான நிரப்பல்களின் சராசரியும் சரியான நிரப்பலாகவே இருக்கும்.

குறை என்றால், சமச்சீர் அணிக்குத்தான் இது இயல்பாகப் பொருந்தும். நிரைகள் ஒரு பொருள், நிரல்கள் வேறு பொருள் என்றால் பேச்சே இல்லை.

## வழி 3: டோட்டலி பாசிட்டிவ் ஆக நிரப்புதல்

எல்லாச் சிற்றணிக்கோவைகளும் நேர்மறை என்றால் டோட்டலி பாசிட்டிவ், சுருக்கமாக டி.பி. சுழியையும் அனுமதித்தால் டோட்டலி நான்நெகட்டிவ், டி.என். சில நூல்கள் டி.என்.-ஐயே டோட்டலி பாசிட்டிவ் என்றும், டி.பி.-ஐ ‘ஸ்ட்ரிக்ட்லி’ சேர்த்தும் எழுதுகின்றன. ஒரு தேற்றத்தை எடுத்தாளும் முன் அந்த நூல் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள். இந்தக் குழப்பத்தில் நாள் கணக்கில் வீணாகும்.

இந்த அணிகள் கடினமான கற்பனையிலிருந்து வரவில்லை. 1930-களில் சோவியத் ஒன்றியத்தில் கான்ட்மாகரும் கிரெய்னும் அதிரும் நாண்களையும் தண்டுகளையும் ஆராய்ந்தபோது எழுந்தவை. அதே காலத்தில் ஷோன்பர்க், ஓர் எண் தொடரை இந்த அணியால் பெருக்கினால் அதன் குறிமாற்றங்கள் (+, − மாறும் தடவைகள்) கூடுவதில்லை என்று கண்டார். அதாவது, உள்ளே போன அலைச்சலை விட அதிக அலைச்சல் வெளியே வராது. ஸ்ப்ளைன் வளைகோடுகள் (துண்டுகளை மென்மையாக இணைத்து வரைபவை) தேவையில்லாமல் நெளியாமல் இருப்பதற்கு அடிப்படை இதுதான். டி.பி. அணியின் ஐகென் மதிப்புகள் எல்லாம் நேர்மறை, எல்லாம் வெவ்வேறு. உங்கள் பொருளுக்கு இந்த இயல்பு உண்டு என்று தெரிந்தால், இதைவிட வலுவான துணை கிடைக்காது. நாணில் க-வின் இடைவெளியை 4 அலகிலிருந்து 1 அலகாகச் சுருக்கியது இதுதான்.

ஆனால் விலை அதிகம். என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த விலையைக் குறைத்து எடைபோடுகிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் விலை, காலியிடங்கள் மீதான கண்டிப்பு. இந்த 4×4 அட்டவணையைப் பாருங்கள்:

```
5   5   2   க
2   5   5   2
1   4   5   5
ச   1   2   5
```

தெரிந்த எண்களால் மட்டும் ஆன ஒவ்வொரு சிற்றணிக்கோவையும் எதிர்மறை இல்லாமல்தான் இருக்கிறது. நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். காலி இரண்டு மூலைகள் மட்டுமே. ஆனால் முழு அணிக்கோவை −1 − க − 41ச − 5கச. க, ச இரண்டும் எதிர்மறை ஆகக்கூடாது என்பதால் இது ஒருபோதும் −1-ஐத் தாண்டி மேலே வராது. நிரப்பவே முடியாது. இதே இரண்டு மூலைகள் ஒரு சமச்சீர் அணியில் காலியாக இருந்தால், பாசிட்டிவ் டெஃபினிட் நிரப்பல் எப்போதும் கிடைக்கும், ஏனென்றால் அந்த வரைபடம் கோர்டல்.

எப்போது உத்தரவாதம் உண்டு? மூலைவிட்டம் முழுக்கத் தெரிந்து, காலியிடங்கள் இருபுறமும் ஒத்திருந்து, வரைபடமும் ஒரே துண்டாக இருந்தால், 1998-இல் ஜான்சன், குரோஷல், லண்ட்குவிஸ்ட் கொடுத்த பதில் இது: தெரிந்த குழுக்கள் சங்கிலிக் கண்ணிகள் போல வரிசையாக வர வேண்டும். அடுத்தடுத்த குழுக்கள் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட வேண்டும். புள்ளிகளின் எண்களும் அதே வரிசையில் ஏற வேண்டும். மேலே உள்ள 4×4-இல் 1, 2, 3 ஒரு குழு, 2, 3, 4 ஒரு குழு. இரண்டு புள்ளிகளில் தொடுகின்றன, அதனால் உத்தரவாதம் போனது. நம் நாணில் 1, 2-உம் 2, 3-உம் ஒரே புள்ளியில் தொடுகின்றன. அங்கே மூலைக்கு 2 × 2 ÷ 4 என்று நடுவெண்ணால் வகுத்துப் போட்டாலே போதும்.

ஒரே ஒரு கட்டம் காலி என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். 2000-இல் ஃபாலட், ஜான்சன், ஸ்மித் மூவரும் காட்டியபடி, 4×4 டி.பி. அணியில் நிரை எண்ணும் நிரல் எண்ணும் கூட்டினால் 5 வரும் நான்கு கட்டங்களில் ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் உத்தரவாதம் இல்லை. மற்ற 12 கட்டங்களில் உண்டு. 10×10-க்குப் போனாலும் பாதுகாப்பான கட்டங்கள் அதே 12 தான், ஆனால் இப்போது 100-இல் 12. எல்லாம் இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் ஒட்டிக்கொண்டிருப்பவை.

இரண்டாவது விலை, பிழை தாங்காமை. ஹில்பர்ட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் நிரை 1, 1/2, 1/3 என்று போகும், அடுத்த நிரை 1/2-இல் தொடங்கும் அது, அப்பழுக்கற்ற டி.பி. அணி. 4×4-இன் வலது கீழ் மூலையில் 1/5, 1/6, 1/6, 1/7. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.20, 0.17, 0.17, 0.14. அணிக்கோவை 0.0280 − 0.0289, அதாவது −0.0009. சும்மா தசமத்தைச் சுருக்கியதில் உடைந்துவிட்டது. இங்கே பாசிட்டிவ் டெஃபினிட் தன்மையும் சேர்ந்துதான் உடைகிறது, ஆனால் அதை ஒட்டவைக்க ஐகென் மதிப்பு முறை இருக்கிறது. டி.பி.-க்கு அப்படி எளிய மருந்து இல்லை. சராசரி எடுத்தும் தப்ப முடியாது: (1, 9), (0.1, 1) என்ற நிரைகள் கொண்ட 2×2 அணியும், நிரைகளை நிரல்களாக்கி அதைப் புரட்டிப்போட்ட அணியும் டி.பி. தான். அவற்றின் சராசரியில் பக்கக் கட்டங்கள் இரண்டும் 4.55 ஆகி, அணிக்கோவை எதிர்மறைக்குப் போய்விடுகிறது. பெருக்கினால் டி.பி. நிலைக்கும், கூட்டினால் நிலைக்காது. ஆகவே குவிவு உகமமாக்கல் மென்பொருள்கள் இங்கே நேராக உதவாது.

மூன்றாவது, சோதிக்கும் செலவு. 10×10 அணியில் சிற்றணிக்கோவைகள் 1,84,755. நல்லவேளையாக எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. தொடர்ச்சியான நிரைகள், தொடர்ச்சியான நிரல்கள் கொண்டு, முதல் நிரையையோ முதல் நிரலையோ தொட்டு நிற்பவை 100 மட்டும்தான். அவை நேர்மறை என்றால் அணி டி.பி. என்று 1992-இல் கஸ்காவும் பேன்யாவும் நிறுவினார்கள். இது டி.பி.-க்கு மட்டும். டி.என்.-க்கு நெவில் நீக்கல் (ஒவ்வொரு நிரையிலிருந்தும் அதற்கு மேலுள்ள நிரையின் மடங்கைக் கழித்துச் சுழியாக்குவது) முறையில்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாணுக்கு உண்மையான விடை 1. டி.பி. என்று கண்டிப்பாகக் கேட்டிருந்தால் 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ளவை மட்டும்தான் தேறும், 1 வெளியே போயிருக்கும். இயற்கையில் கிடைக்கும் அணிகள் பல இப்படி விளிம்பில்தான் நிற்கின்றன. ஆகவே, வலுவான காரணம் இல்லையென்றால் டி.பி. கேட்காதீர்கள், டி.என். கேளுங்கள்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| எதைப் பார்க்கிறோம் | தரம் குறைவு | பாசிட்டிவ் டெஃபினிட் | டி.பி. / டி.என். |
|---|---|---|---|
| நிரை வரிசை | எப்படியும் கலைக்கலாம் | நிரையையும் நிரலையும் சேர்த்துக் கலைக்கலாம் | கலைக்கவே கூடாது |
| காலியிடம் | சிதறியிருந்தால் நல்லது | கோர்டல் என்றால் உத்தரவாதம் | சங்கிலி அமைப்பு, அல்லது இடது மேல் / வலது கீழ் மூலையை ஒட்டிய ஒரு கட்டம் |
| எவ்வளவு காலி | பெரும்பகுதி போனாலும் சரி | பாதி போனாலும் முடியலாம் | ஓரிரு கட்டம், அதுவும் சரியான இடத்தில் என்றால்தான் நிம்மதி |
| விடை | நிபந்தனை நிறைவேறினால் ஒன்று | இடைவெளி. அதில் சிறந்தது ஒன்று | குறுகிய இடைவெளி, அல்லது ஒன்றுமே இல்லை |
| பிழை | தாங்கும் | சரிசெய்யலாம் | தாங்காது |
| நாணில் க | 3 அல்லது −1 | −1 முதல் 3 | 0 முதல் 1 |

## யாருக்கு எது

மதிப்பெண் பட்டியல், பயனர் தரவு, படங்களின் பிக்சல் என்றால் யோசிக்காமல் முதல் வழி. எல்லா எண்களும் நேர்மறையாக இருந்து தரம் 1 என்றே பொருந்திவிட்டால், அது தானாகவே டி.என். ஆகவும் இருக்கும், இரண்டுக்கும் சண்டையே இல்லை.

ஒட்டுறவு அணி என்றால் இரண்டாவது. முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். கோர்டல் இல்லையென்றால், எந்த ஒரு கூடுதல் எண்ணைத் தேடிப் பிடித்தால் கோர்டல் ஆகும் என்று பாருங்கள்.

நாண், தண்டு, ஸ்ப்ளைன் என்றால் மூன்றாவது வழிக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வரிசையில் போகச் சொல்வேன்: பொருள் சமச்சீராக இருந்து, பக்கத்துப் புள்ளிகள் மட்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்றால், அணிக்கோவையைப் பெரிதாக்கும் நிரப்பலை எடுங்கள். அது டி.என். தானா என்று சோதியுங்கள். தேறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். தேறாவிட்டால் காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு கட்டம் மட்டும் காலி என்றால், அதைத் தொடும் ஒவ்வொரு சிற்றணிக்கோவையும் அந்த எண்ணுக்கு ஒரு மேல்வரம்பையோ கீழ்வரம்பையோ மட்டும்தான் தரும். 4×4-இல் அப்படி 20. கையாலேயே போட்டுவிடலாம். கீழ்வரம்பு மேல்வரம்பைத் தாண்டினால், நிரப்ப முடியாது என்று அப்போதே தெரிந்துவிடும்.

சோதனை இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்றால், உங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. எந்தக் கட்டத்தை அளக்காமல் விடுவது என்பது உங்கள் கையில். நேரம் பத்தவில்லை என்றால் இடது மேல் மூலையையோ வலது கீழ் மூலையையோ விடுங்கள். அங்கே போதுமான அளவு பெரிய எந்த எண்ணைப் போட்டாலும் டி.பி. நிற்கும். மற்ற இரண்டு மூலைகளையும், அவற்றை இணைக்கும் சாய்வுக்கோட்டில் வரும் கட்டங்களையும் கட்டாயம் அளந்துவிடுங்கள்.